ஐந்தாவது ஏன்

சந்தர்லாந்துக்கு மேற்கே, காற்று ஓயாத மேட்டில்
ஜப்பான்காரர்கள் கட்டிய கார்த் தொழிற்சாலையில்
எனக்கு வாய்த்த இடம் நாலரை மீட்டர்.
வண்டி ஊர்ந்து வரும்.
இடது சீட் பெல்ட்டுக்கு ஒரு போல்ட்.
எழுபத்திரண்டு நொடி.
அடுத்த வண்டி.

வலப்பக்கத்து போல்ட் காலின் ரட்டருடையது.
நிலக்கரிச் சுரங்கம் மூடியபின் வந்தவன்.
நெற்றித் தழும்பில் கரி புகுந்து
நீலமாய்த் தங்கிவிட்டது, சோப்புக்கு எட்டாத ஆழத்தில்.

எங்கள் தலைக்கு மேலே, துணி காயப்போடும் கொடிபோல
ஒரு மஞ்சள் கயிறு.
தவறு கண்டால் இழுங்கள், லைன் நிற்கும்,
யாரும் இழுக்கலாம், என்றார் உமெசாவா.
'யாரும்?' என்றான் காலின்.
'யாரும்.'
எங்கள் பக்கம் மஞ்சள் கயிறு கட்டினால்
அப்புறம் எதையும் நிறுத்த முடியாது என்றேன்.
சிரித்தது நான் மட்டும்.

பதினொரு வாரம் அவன் அதைத் தொடவில்லை.
'வேலையை நிறுத்த ஒரு வருஷம் வாசலில் நின்றோம்,
பனியில், குதிரைப் போலீசுக்கு முன்னால்.
கட்டில்வரை விற்றோம்.
இவர்கள் அதையே கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.
கண்ணி இல்லாமலா?'

என் மொழியில் இரண்டும்
நிறுத்தம்தான் என்று அவனிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி. இரவு ஷிஃப்ட். மூன்று மணி இருக்கும்.
அவன் கை மேலே போனது.
மணி அடிக்கவில்லை,
பொம்மைப் பெட்டியில் வருவதுபோல் ஒரு மெட்டு.
பலகையில் எங்கள் எண் சிவந்தது.
முந்நூறு பேர் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டார்கள்.
கூரையில் எங்கோ தண்ணீர் சொட்டுகிறது என்பதே
அன்றுதான் தெரிந்தது.

உமெசாவா ஓடிவந்தார்.
திட்டு வாங்கத் தோளை விறைத்து நின்றான் காலின்.
அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.
மண்டியிட்டு, டார்ச் அடித்து,
போல்ட்டை விரலால் அசைத்தார். ஆடியது.
எழுந்து இடுப்பு வளைய வணங்கினார்.
பிறகு: ஏன்?

காற்றுத் துப்பாக்கிக்கு அழுத்தம் போதவில்லை.
ஏன்?
குழாயில் கசிவு.
ஏன்?
அலமாரிக் காலில் உரசுகிறது.
ஏன்?
அலமாரி ஒரு சாண் நகர்ந்திருக்கிறது.
ஏன்?

எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.
'டீ பிளாஸ்க் வைக்க இடம் வேண்டியிருந்தது,'
என்றான் காலின். 'நான்தான் நகர்த்தினேன்.'

சுரங்கத்தில் எது இடிந்தாலும்
ஒரே கேள்விதானாம்: யார்?
பெயர் கிடைத்ததும் கோப்பை மூடிவிடுவார்களாம்.
அந்தக் கேள்விக்காகத்தான் நாங்கள் காத்திருந்தோம்.
உமெசாவா நோட்டில் ஏதோ வரைந்துகொண்டு போனார்.
லைன் நகர்ந்தது.

மறுநாள் தூணில் ஒரு கொக்கி, பிளாஸ்க் மாட்டும் உயரத்தில்.
பக்கத்தில் இன்னொன்று.
என் பை தரையில் கிடந்ததை
எப்போது பார்த்தாரோ.

இடைவேளையில் விளக்குப் பலகையைக் காட்டி,
'இதன் பெயர் அண்டோன்,' என்றார்.
'என் அம்மா காலத்தில்
அது காகிதக் கூண்டுக்குள் எரியும் எண்ணெய் விளக்கு.
போர் முடிந்தபோது எண்ணெயும் இல்லை, காகிதமும் இல்லை.
சொல் மட்டும் மிஞ்சியது.
வீணாக்க வேண்டாமென்று
அதைத் தொழிற்சாலையில் மாட்டினோம்.'
சொல்லிவிட்டு முட்டை சாண்ட்விச்சின் ஓரத்தைக்கூட
மிச்சம் வைக்காமல் தின்றார்.

ஏப்ரலில் எழுபத்திரண்டு நொடி
அறுபத்தாறு ஆனது.
யாரும் அறிவிக்கவில்லை.
முழங்கைதான் முதலில் சொன்னது.

இரண்டாவது வாரம் காலின் கயிற்றை இழுத்தான்.
அதே மெட்டு. அதே சிவப்பு.
உமெசாவா ஓடிவந்து மண்டியிட்டு
போல்ட்டைத் தொட்டார். ஆடவில்லை.
இன்னொரு முறை தொட்டார்.
'எங்கே தவறு?'

காலின் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினான்.
'ஏன்?' என்றான்.

அது முதல் ஏன்.
உமெசாவா மண்டியிட்டபடியே நோட்டைத் திறந்தார்.
கூரையில் தண்ணீர் சொட்டியது.
பேனா வெகுநேரம் நகரவில்லை.